ஸ்டாப் இல்லாத நெம்பு

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்,
திருப்பூர் காங்கயம் ரோட்டிலிருந்து.
பெயர் இந்துராணி. பவர் டேபிள் டெய்லர்.
ஆட்டோவிலிருந்து இறங்கியது
கால் மடக்கிய மேசை போல ஒன்று.
மேலே பத்துக் கம்பி,
கீழே மூன்று மிதி,
முட்டி இடிக்கிற இடத்தில் நாலு நெம்பு.
"கிதாருங்க" என்றாள்.

கணபதியில் இருபத்திரண்டு வருசமாக லேத் ஓட்டுகிறேன்.
பம்ப் ஷாஃப்ட், கிரைண்டர் உருளை,
ஒருமுறை தேருக்கு அச்சாணி.
கிதாருக்கு அடிவயிறு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரியும்.

கவிழ்த்துப் போட்டோம், ரசாக்கும் நானும்.
குறுக்கே தண்டுகள், தண்டுக்குத் தண்டு காது வைத்த கிராங்க்,
காதிலிருந்து ஓடும் ஒல்லிக் கம்பி
கோடியில் ஒரு விரலைப் பிடித்து இழுக்கிறது.
மிதித்தால் ஐந்தாம் கம்பி ஒரு படி ஏறும்.
லாரி பிரேக் மாதிரிதான்.
நிறுத்துவதற்குப் பதில் பாடுகிறது.

பழைய மெஷின் கன்டெய்னரில்
ஓவர்லாக் கணக்கில் சேராமல் வந்ததாம்.
முதலாளி எடைக்குப் போட்டுவிட்டார்.

அவள் நீட்டியது பனியன் அளவு அட்டை.
எஸ், எம், எல் அடித்து
மிதி, இடது முட்டி, வலது முட்டி என்று எழுதியிருந்தாள்.
"இந்தக் காலுல இருக்கறத
வலது முட்டிக்கு மாத்தோணுங்க.
பதினோரு வருசமா இந்த முட்டிதான்
வலப்பக்கம் தள்ளி ஃபுட்டைத் தூக்குது.
எப்பத் தூக்கோணும்னு அதுக்குத் தெரியும்.
காலுக்கு ஓட்ட மட்டுந்தான் தெரியும்."

சரி, மாற்றலாம். அட்டையின் கடைசிக் கட்டம்,
டபுள் எக்ஸ்எல்,
பத்து வரிசையிலும் கழித்தல் குறி.
"பத்துமா?"
"பத்தும். ஒண்ணா எறங்கோணும்."
"எவ்வளவு?"
"முட்டி போற வரைக்கும்."
"ஸ்டாப் ஸ்க்ரூ?"
"வேண்டாமுங்க."

ஸ்டாப் இல்லாமல் நான் ஒன்றும் செய்ததில்லை.
நூறில் ஒரு மில்லிமீட்டருக்கு
ஆட்களைத் திட்டியிருக்கிறேன்.
வெர்னியரைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவன்.
"எங்க நிக்கும்னு தெரிய வேண்டாமா அம்மிணி?"
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை,
பெட்டியில் உட்கார்ந்து
பொட்டணத்தைப் பிரித்து இட்லி தின்றாள்.

முதல் நெம்பு ஊக்கு மாதிரி வளைந்தது.
இரண்டாவதை ஈஎன்எட்டில் கடைந்து
கையை இரண்டு விரல்கடை நீட்டினேன்.
இப்போது இறங்கியது, ஆனால் தாறுமாறாக:
சில கம்பி பொத்தென்று விழும்,
சில படியில் உட்கார்ந்து யோசிக்கும்.
கிராங்க் காதுகளில் ஓட்டையை மாற்றி மாற்றி
மூன்று ஞாயிறு போனது.
"மூணாவது அவசரப்படுதுங்க."
இறக்கினேன்.
"பத்தாவது?"
"ஆச்சு."
"ஏழாவது பிந்துதே அம்மிணி?"
"அது இருக்கட்டுங்க.
எங்க வரிசைல ஏழாவது மெஷின்
எப்பவும் கடைசியாத்தான் நிக்கும்."

எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

நாலாவது ஞாயிறு. அவசர ஆர்டர்,
பட்டறை ஓடிக்கொண்டிருந்தது.
மூலையில் ஆம்ப்ளிஃபயரைச் சொருகினாள்.
இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் வைத்தாள்,
பத்தையும் ஒருசேர வருடி
கையை எடுத்துவிட்டாள்.
அந்த ரீங்காரம் நிற்கும்போதே
வலது முட்டி மெல்ல வெளியே போனது.

மொத்தமும் இறங்கியது.
ஐம்பது மோட்டார் ஒரே மூச்சில் அடங்குவது போல,
ஒன்று மட்டும் பிந்தி.

ரசாக் சக்கிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
மில்லிங்கில் இருந்தவர் பட்டனை அமுக்கினார்.
எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து
போஸ்ட்டைப் பார்த்தார்.
நானே,
எல்லாம் தெரிந்த நானே,
அண்ணாந்து ட்யூப்லைட்டைப் பார்த்தேன்.
எரிந்துகொண்டிருந்தது.

"கரண்டு போயி ஜெனரேட்டர் வர வரைக்கும்
ஒரு நிமிசம் இருக்குமுங்க" என்றாள்.
"அந்த ஒரு நிமிசத்துக்குக் கூலி புடிக்க மாட்டாங்க.
பேச மாட்டோம். சும்மா உக்காந்திருப்போம்."
முட்டியை விட்டாள்.
ஸ்பிரிங் இழுக்க, பத்தும்
கிளம்பி மேலே ஏறின.

மூவாயிரத்து நானூறு சொன்னேன்.
மூவாயிரம் கொடுத்தாள்.
கழற்றிய ஸ்டாப் ஸ்க்ரூவை எடுத்துப்போகச் சொல்ல
மறந்துவிட்டேன், சட்டைப் பையில்
பீடிக்கட்டோடு கிடக்கிறது.